சும்மா ஓட்டம்

"ஓடினது நீ—"

"உங்களை ஆர் பின்னாலை ஓடி வரச் சொன்னது மச்சாள்—"

"ஓடுறவளைக் கண்டா நிண்டு புதினம் பாக்கச் சொல்லுறியோ? வாயைப் பொத்து—"

"ஏன் ஓடுறாய் எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்தானே—"

"கேட்டிட்டே ஓடுறது? எந்தக் காலத்திலையடி நாங்கள் கேட்டிட்டு ஓடினனாங்கள்?"

விமலேஸ்வரி அவிழ்ந்த தலைமயிரை அள்ளிச் செருகினாள். எட்டாம் வாய்க்கால் பாலத்தின் கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். எதிரே நின்றவள் அவள் புருசனின் தமக்கை நாகேஸ்வரி. தோளில் கறுப்புத் தோல்பை. அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சாட்சிப்பத்திரம், இரண்டு சோடிக் காப்பு என்று, வீட்டை விட்டுக் கிளம்பும்போது கையோடு போகவேண்டியது எல்லாம் அதற்குள் இருந்தது. சண்டை முடிந்து பதினைந்து வருசத்துக்கு மேலாகியும் அந்தப் பை நாகேஸ்வரியின் தலைமாட்டை விட்டு நகர்ந்ததில்லை.

அவளுக்குப் பின்னால், அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கையே திரண்டு நின்றது. சிவரூபி ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் அரிசிப் பானையுமாக வந்திருந்தாள். பானைக்குள் அரிசி இல்லை என்பதைப் பாலத்தடிக்கு வந்த பிறகுதான் கண்டாள். அழகம்மா ஆட்டையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். எல்லோருக்கும் முன்னால், இரண்டு கையிலும் யானைவெடியோடு ஆண்டியப்பன். எழுபத்தேழில் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். ஐம்பது வருசம் ஆகப் போகிறது, பேச்சு மட்டும் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை.

"எத்தன யானைம்மா? கொம்பனா?"

"யானை இல்லை அண்ணை."

"அப்ப யாரு வெரட்டுனது?"

"ஒருத்தரும் துரத்தேல்லை. சும்மா ஓடினனான்."

ஆண்டியப்பன் வெடியைச் சாரத்து மடிப்பில் செருகினார். "சும்மாவா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, மற்றவர்களின் முகத்தைப் பார்த்தார்.

அந்த ஒழுங்கையில் சும்மா இருப்பார்கள். சும்மா வந்து போவார்கள். சும்மா கேட்டேன் என்பார்கள். ஆனால் சும்மா ஓடியதாக அந்த மண்ணில் ஒரு சீவனும் இல்லை. ஓட்டம் என்றால் பின்னால் ஏதோ வருகிறது. செல் வரும், ஆமி வரும், வெள்ளம் வரும், யானை வரும். என்ன வருகிறது என்று பார்க்க நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். விடிந்தும் விடியாத பொழுதில் ஒரு பெண்பிள்ளை வாய்க்கால் கட்டில் தலைவிரி கோலமாய் ஓடினால், பிழை பின்னால் ஓடியவர்களிலா?

"விசர் பிடிச்சிட்டுது இவளுக்கு," என்றாள் நாகேஸ்வரி. "தம்பி போன துயரத்திலை இவளுக்கு மண்டை கழண்டிட்டுது. நடவுங்கோ எல்லாரும் வீட்டை."

அவளுக்கு மண்டை கழலவில்லை. கழன்றுகொண்டிருந்த மண்டையை அன்றுதான் கையால் பிடித்து நிறுத்தியிருந்தாள். அதை நடுப்பாலத்தில் நின்று எப்படிச் சொல்வது?

அவள் புருசன் கனகலிங்கம் போய் அப்போது எட்டு மாதம். ஐப்பசி விதைப்பு நேரம் காய்ச்சல் வந்தது. "காய்ச்சல்தானே, பனடோலைப் போட்டிட்டுப் படுங்கோ" என்றாள். இரண்டாம் நாள் கண் மஞ்சளானது. ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். ஐந்தாம் நாள் பெட்டியில் கொண்டு வந்தார்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். வயல் தண்ணீரில் எலி மூத்திரம் போகும், அந்தத் தண்ணீர் காலில் இருக்கும் வெடிப்பால் ஏறும்.

அது வராமல் இருக்க, விதைப்புக்கு முதலே கமக்காரர் கூட்டத்தில் வைத்து எல்லாருக்கும் குளிசை கொடுத்திருந்தார்கள். கனகலிங்கத்தின் பங்கை விமலேஸ்வரிதான் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தாள். பன்னிரண்டு குளிசை. அலுமாரிக்குள் வைத்தாள். உழவு மெசின் வந்தது, விதைநெல் ஊறப்போட்டது, ஆள் பிடித்தது, சமைத்தது. குளிசை அலுமாரிக்குள்ளேயே இருந்தது.

செத்தவீட்டில், பெட்டியின் மேல் விழுந்து அழுத நாகேஸ்வரி, அத்தனை சனத்துக்கும் நடுவில் சொல்லியழுதாள். "குளிசை குடுத்திருந்தா என்ரை தம்பி எழும்பியிருப்பானே, குடுத்திருந்தா நிண்டிருப்பானே!" சொல்லியழுத சொல்லுக்கு ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை. அழுகை முடிந்ததும் நாகேஸ்வரி முகம் கழுவினாள், தேத்தண்ணி குடித்தாள், எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்குக்கு வடை சுட்டாள். ஆனால் விமலேஸ்வரியின் தலைக்குள் அந்தச் சொல் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டது. குடுத்திருந்தா. கூட்டும்போது, குளிக்கும்போது, சோறு வடிக்கும்போது. குடுத்திருந்தா, குடுத்திருந்தா.

தொடங்கிய ஒன்றையும் அவளால் முடிக்க முடியவில்லை. பாதி முற்றம் கூட்டியபடி கிடக்கும். பாதித் தேங்காய் திருவினபடி கிடக்கும். வவுனியாவில் வங்கி வேலை பார்க்கும் மகள் கௌசலா ரெலிபோன் எடுத்தால், பாதிக் கதையில் தாய் எங்கேயோ போய்விடுவாள். அவள்தான் லீவு போட்டு வந்து, தாயை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது. சுமித்திரா டொக்டர் குளிசை எழுதினா. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னா.

நடந்தாள். பிரயோசனம் இல்லை.

அன்று விடியப்புறம் முகம் துடைக்கத் துவாய் எடுக்க அலுமாரியைத் திறந்தாள். மடிப்புக்குள்ளிருந்து குளிசைப் பட்டை காலடியில் விழுந்தது. பன்னிரண்டும் உடையாமல் இருந்தன. அவள் அதை எடுக்கவில்லை. அலுமாரியை மூடவில்லை. வாசல் படலையைத் தாண்டினாள், ஒழுங்கையைத் தாண்டினாள், வாய்க்கால் கட்டில் ஏறினாள். கால் எப்போது ஓடத் தொடங்கியது என்று அவளுக்குத் தெரியாது. நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது. பாலத்தடிக்கு வந்தபோது தன் மூச்சைத் தவிர வேறொன்றும் அவளுக்குக் கேட்கவில்லை. தலைக்குள் கதிரை காலி. எட்டு மாதத்தில் முதல் தடவை.

அந்த அமைதிக்குள்தான் ஒழுங்கை முழுக்கத் தட்டுமுட்டுச் சாமானோடு வந்து புகுந்தது.

அடுத்த நாளும் ஓடினாள். அழகம்மாவின் ஆடு அறுத்துக்கொண்டு ஓடியது. மூன்றாம் நாள் நாகேஸ்வரி படலையில் வந்து நின்றாள்.

"இஞ்சை பார். சனத்துக்கு நெஞ்சிடி வந்து செத்தா ஆர் பொறுப்பு? நீ ஓடித்தான் ஆகவேணுமெண்டா, முதல்நாளே ஒழுங்கைக்குச் சொல்லிப்போட்டு ஓடு."

நக்கலுக்குத்தான் சொன்னாள். விமலேஸ்வரி அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாள். அன்று பொழுதுபட, கலியாணத்துக்குச் சொல்லப்போகிறவள் மாதிரி, வீடு வீடாகப் படலையைத் தட்டினாள்.

"நாளைக்கு விடிய ஓடுவன். ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ."

"எத்தினை மணிக்கு?"

"அஞ்சரைக்கு."

"ஏன் ஓடுறியள் அக்கா?"

"சும்மா."

ஒழுங்கை சிரித்தது. ஒரு கிழமைக்குள் அவளுக்குச் 'சும்மா அக்கா' என்று பேர் விழுந்தது. சிவரூபி அவள் ஓடிப்போகிற சத்தத்தில் எழும்பி அடுப்பு மூட்டத் தொடங்கினாள். ஆண்டியப்பன் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிப் பாய்ச்சியபடி, அவள் கடந்து போகும்போதெல்லாம், "என்னாம்மா, இன்னைக்கும் யாரும் வெரட்டலியா?" என்பார். "இல்லை அண்ணை, நான்தான் துரத்துறன்" என்று அவள் ஒருநாள் திருப்பிச் சொன்னாள். சொன்ன பிறகுதான், எட்டு மாதத்தில் தான் விட்ட முதல் பகிடி அது என்று விளங்கியது.

கிளினிக்கில் டொக்டர் கேட்டா: "நான் நடக்கத்தானே அம்மா சொன்னனான்?"

"நடந்து பாத்தனான் டொக்டர். நடந்தா அதுவும் பக்கத்திலை நடந்து வருது. ஓடினா அதுக்கு இளைக்குது."

"எதுக்கு?"

விமலேஸ்வரி நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

டொக்டர் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தா. "சரி. பிரசரும் நல்லாத்தான் இருக்கு. ஓடுங்கோ. ஆனா நான் தந்த குளிசையை மறக்கக்கூடாது."

"குளிசை மறக்கமாட்டன் டொக்டர்." அவள் சொன்ன வேகத்தில் டொக்டர் நிமிர்ந்து பார்த்தா.

ஆவணியில் ஒருநாள் குதிக்காலில் முள் ஏறியது. கால் வீங்கிவிட்டது. நாலு நாள் ஓட்டம் இல்லை. மூன்றாம் நாளே கதிரை திரும்பி வந்துவிட்டது. குடுத்திருந்தா. நாலாம் நாள் நாகேஸ்வரி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். குசினிக்குள் பாதி திருவின தேங்காயில் எறும்பு மொய்த்திருந்தது. அடுப்பில் சோறு அடிப்பிடித்துக் கரியாகியிருந்தது. விமலேஸ்வரி பக்கத்திலேயே நிலத்தில் இருந்தாள். அந்த மணம் அவளுக்கு எட்டவேயில்லை.

நாகேஸ்வரி பானையை இறக்கி வைத்தாள். தேங்காயைக் கோழிக்கு எறிந்தாள்.

"கால் எப்பிடி?"

"வீக்கம் வத்தியிட்டுது."

"அப்ப எழும்பிப் போய் ஓடித் துலை. இப்பவே போ. பொழுதுபட்டாலும் பறவாயில்லை, ஒழுங்கைக்கு நான் சொல்லுறன்."

அப்படித்தான் வாய்க்கால் கட்டு ஓட்டத்துக்கு நாகேஸ்வரியின் சம்மதம் கிடைத்தது. இது இத்தோடு நின்றிருக்கும், கௌசலா சும்மா இருந்திருந்தால்.

"அம்மா, விளையாட்டுக் கழகங்கள் சேந்து ஓட்டம் வைக்கினம். பரந்தன் சந்தியிலையிருந்து ஆனையிறவு வரைக்கும். உங்கடை பேரைக் குடுத்திட்டன்."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீ?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை. நாப்பத்தைஞ்சு வயசுக்கு மேலை பொம்பிளையள் பதினொரு பேர்தான். நீங்கள் இருநூற்றிப் பதினாலாம் இலக்கம். சப்பாத்து பஸ்ஸிலை வருது."

செய்தி நாகேஸ்வரியின் காதுக்குச் சப்பாத்து வருமுன்பே போய்ச் சேர்ந்தது.

"வாய்க்கால் கட்டிலை ஓடு, நான் கேட்டனானே? எங்கடை சனம், எங்கடை ஒழுங்கை. ஏ நைன் றோட்டிலை, நெஞ்சிலை நம்பரைக் குத்திக்கொண்டு, லவுட்ஸ்பீக்கரிலை பேர் சொல்ல ஓடப் போறியோ? எப்ப அந்த ஓட்டம்?"

"வாற ஞாயிறு."

"ஞாயிறு! அவன் போய் வருசம் முடியிற ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் பன்ரண்டு நாள் கிடக்கு. ஆட்டை முடியாமல் கோயில் தேர் பாக்கக்கூடப் போகாத குடும்பம் இது. புருசனைத் தின்னுபோட்டு மெடல் வாங்கப் போறாள் எண்டு—"

"ஆர் சொல்லுவினம்?"

"நானே சொல்லுவன்!"

"சொல்லுங்கோ. மெடலும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம் மச்சாள். எனக்கு ஒண்டைத் தொடங்கி முடிச்சுப் பாக்கவேணும். ஒரே ஒண்டை. வாய்க்கால் கட்டிலை எங்கை திரும்பினாலும் அதுதான் முடிவு. அங்கை ஒரு கோடு கிடக்காம், கௌசலா சொன்னவள். அதைத் தாண்டிப் பாக்கவேணும்."

"தாண்டு. தாண்டிப்போட்டு ஆட்டைச் சமையலுக்கு வேறை ஆளைப் பார். என்ரை கை உன்ரை குசினிக்கு வராது."

திவசத்துக்கு நாகேஸ்வரியின் கை வராவிட்டால் அது ஊருக்குச் சொல்லும் செய்தி வேறு. இந்தச் சாவுக்கு இவள்தான் காரணம் என்று செத்தவனின் உடன்பிறப்பே ஒதுங்கிவிட்டாள் என்றுதான் ஊர் படிக்கும். இரண்டு பேருக்கும் அது தெரியும். சனிக்கிழமை முழுக்க விமலேஸ்வரி சப்பாத்தைக் கட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். அன்று பொழுதுபட ஒழுங்கையில் படலை தட்டப் போனபோது, நாகேஸ்வரியின் படலையையும் தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது. ஆள் வரவில்லை. வெளியில் நின்றபடியே சொன்னாள்: "நாளைக்கு விடிய ஓடுவன் மச்சாள். பயப்பிடாதேங்கோ."

பரந்தன் சந்தியில் நூற்றுக்கணக்கில் நின்றார்கள். பொடியள் அரைக் காற்சட்டையோடு துள்ளிக்கொண்டு நின்றார்கள். விமலேஸ்வரி நீளக் காற்சட்டையும் அதன்மேல் முழங்கால் வரை சட்டையும் போட்டிருந்தாள். வெடிச் சத்தத்தோடு ஓட்டம் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் அவளோடு சேர்த்து நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பதினொரு பெண்களும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். குனிந்ததைக் கண்டு தாங்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடிக்கப் பொடியள் அரை மைல் போய்விட்டார்கள்.

நல்லாகத்தான் போனது. இடக்கைப் பக்கம் ரயில் பாதை கூடவே வந்தது. வெயில் ஏற ஏறக் காற்றில் உப்பு மணத்தது. நாலாம் கிலோமீற்றர், ஐந்து, ஆறு. தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. சப்பாத்துச் சத்தம், மூச்சுச் சத்தம். ஏழாவதில் தொடை இறுகியது. இரண்டு பக்கமும் மரம் மறைந்து வெட்டவெளி தொடங்கியது. நிழல் என்று ஒரு கையகலம் இல்லை. அவளுக்குப் பின்னால் ஓட இனி ஆள் இல்லை, ஏலாமல் நின்றவர்களை ஏற்றுகிற வான் மட்டும் உறுமிக்கொண்டு வந்தது. விமலேஸ்வரி கிலோமீற்றர் கல்லில் குந்திவிட்டாள்.

குந்தியதும் அது வந்தது. குடுத்திருந்தா.

"அம்மா, ஏறுறியளோ?" வான் பெடியன் கதவைத் திறந்தான்.

"கொஞ்சம் பொறு தம்பி."

வானுக்குப் பின்னால் ஒரு ஓட்டோ வந்து நின்றது. நாகேஸ்வரியின் மகன் சிவகரனின் ஓட்டோ. பின் இருக்கையிலிருந்து நாகேஸ்வரி தலையை நீட்டினாள்.

"குந்தியிட்டியோ? நல்லது. ஏறு."

"நான் ஏறமாட்டன்."

"சனம் எல்லாம் போய் வீடு சேந்து சோறும் சமைச்சிருக்கும். ஏறு எண்டுறன். ஊர் சிரிக்க முந்தி வீட்டை போவம்."

விமலேஸ்வரி எழும்பினாள். கால் ஓடுவதற்கு எழும்பியதா, மச்சாளின் வாய்க்குத் தப்ப எழும்பியதா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எழும்பியது, ஓடியது. ஓட்டோ பக்கத்திலேயே உருண்டு வந்தது. ஏச்சும் உருண்டு வந்தது. கொஞ்சத் தூரத்தில் பச்சைச் சட்டைத் தொண்டர் ஒருவர் கையைக் குறுக்கே போட்டார்.

"இதுக்கங்காலை வாகனம் விடேலாது."

"எனக்கு அவளோடை கதைக்கவேணும் தம்பி!"

"கதைக்கிறதெண்டா இறங்கி ஓடுங்கோ அம்மா."

நாகேஸ்வரி இறங்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். சேலைக் கொய்யகத்தை இழுத்து இடுப்பில் சொருகினாள். வலது முழங்காலுக்குள் பதினைந்து வருசத்துக்கு மேலாக சண்டையில் பாய்ந்த ஒரு சன்னம் கிடக்கிறது, டொக்டர்மார் எடுக்காமல் விட்டது. அந்தக் காலோடு, "அம்மா, விசரே உங்களுக்கு!" என்று மகன் கத்தக் கத்த, ஓடினாள்.

"நில்லடி!"

"நிக்கமாட்டன்!"

"அவன்ரை ஆட்டை… முடியாமல்…"

"கதைச்சா மூச்சுப் போகும் மச்சாள். நீங்கள் நில்லுங்கோ."

"நீ நிண்டா… நான் நிக்கிறன்."

"குளிசை குடுக்க மறந்தனான்!" என்று விமலேஸ்வரி கத்தினாள். றோட்டுக்கு, உப்புக் காற்றுக்கு, யாருக்கென்று இல்லாமல் கத்தினாள். "ஓம், மறந்தனான். அலுமாரிக்கை வைச்சிட்டு மறந்தனான். பன்ரண்டும் அப்பிடியே கிடந்தது. நீங்கள் செத்தவீட்டிலை ஒருக்காச் சொன்னியள். நான் ஒவ்வொரு நாளும் சொல்லுறன். ஓடேக்கை மட்டும்தான் அது வாயை மூடுது. அதையும் பறிக்கவே வந்தனீங்கள்?"

பின்னால் நாகேஸ்வரியின் வெறுங்கால் தாரில் அடிக்கிற சத்தம் தேய்ந்து போனது. நின்றுவிட்டாளாக்கும் என்று திரும்பிப் பார்த்தாள். நிற்கவில்லை. முகமெல்லாம் இரத்தச் சிவப்பாய், வாய் திறந்தபடி வந்துகொண்டிருந்தாள்.

"நான்தான்… கூப்பிட்டனான்."

"என்ன?"

"தம்பியை. என்ரை வயலுக்கு." ஒரு மூச்சு. "மழைக்கு வரம்பு உடைச்சிட்டுது… விதைநெல் எல்லாம் போகுது… ஓடி வாடா எண்டு கூப்பிட்டனான்." இன்னொரு மூச்சு. "அவன்ரை காலிலை மண்வெட்டிக் காயம். எனக்குத் தெரியும். கண்டனான். கண்டுபோட்டும்… தண்ணிக்கை இறக்கினனான்."

விமலேஸ்வரிக்குக் கால் தடக்கியது. விழவில்லை.

"விமலாட்டைச் சொல்லாதை அக்கா, பேசுவாள் எண்டவன்." நாகேஸ்வரி அழுகிறாளா, இளைக்கிறாளா என்று பிரிக்க முடியவில்லை. "செத்தவீட்டிலை… என்னைச் சொல்லி அழ… வாய் வரேல்லை. உன்னைச் சொன்னன்."

பதினொரு மாதம். நிறுத்தி, சேலையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல விமலேஸ்வரிக்கு வந்தது. நின்றால் உலுக்கலாம். ஆனால் கால் நிற்கவில்லை. அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கோபம் ஒரு மூச்சாக வெளியே போனது. பத்து அடிக்குப் பிறகு, பக்கத்தில் நொண்டி நொண்டி வருகிற மனிசியைத்தான் கண்டாள். இவளும் ஒரு கதிரையை மண்டைக்குள் வைத்துக்கொண்டு, அதை ஒருவரும் காணாமல் முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவளுக்கு ஓடக்கூட ஒரு வாய்க்கால் கட்டு இருக்கவில்லை.

"நான் மறந்தது உண்மைதான் மச்சாள்."

"ஓம்."

"நீங்கள் கூப்பிட்டதும் உண்மை."

"ஓம்."

"சரி. குதிக்காலைக் குத்தாதேங்கோ. முன்னங்காலிலை ஓடுங்கோ. கையை ஆட்டுங்கோ. அந்தச் செருப்பை எறியுங்கோ!"

செருப்பு உப்பு வாய்க்காலுக்குள் போனது. முன்னால் உப்புக் குவியல்கள் வெள்ளையாய் எரிந்தன. அதற்கப்பால் வளைவும், கொடிகளும், சனமும் தெரிந்தன. நாகேஸ்வரி இன்னும் கதைத்தாள். கதைக்காமல் ஓட அவளுக்குத் தெரியாது.

"அண்டைக்கு அவன்… வரம்பைக் கட்டிப்போட்டு… சேத்துக்கை நிண்டு… சிரிச்சான் பார்… அப்பிடி ஒரு சிரிப்பு… அவன் சின்னனிலை கூட…"

மூச்சு விட்டுப்போனது. மிச்சம் வரவில்லை. விமலேஸ்வரி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டாள்.

"இருநூற்றிப் பதினாலாம் இலக்கம் வந்துகொண்டிருக்கிறா!" லவுட்ஸ்பீக்கர் கத்தியது. "கூட வாற அம்மாவுக்கு… இலக்கத்தைக் காணேல்லை… செருப்பையும் காணேல்லை… ஆரெண்டாலும் கைதட்டுங்கோ!"

சனம் கைதட்டியது. ஓடி முடித்து எப்போதோ குந்தியிருந்த பொடியள் எழும்பி வந்து, இரண்டு பக்கமும் நின்று விசிலடித்தார்கள். தொடக்கத்தில் கூடக் குனிந்து சிரித்த பெண்கள் "சேலைக்காரி, விடாதை! விடாதை!" என்று கத்தினார்கள். வவுனியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த கௌசலா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நிலத்தில் வெள்ளைக் கோடு கிடந்தது. கை அகலக் கோடு. விமலேஸ்வரி அதைக் குனிந்து பார்த்தபடியே தாண்டினாள், தான் தாண்டுவதைத் தன் கண்ணாலேயே காணவேண்டும் என்று. இடக்கால், வலக்கால். தாண்டியாயிற்று. தொடங்கின ஒன்று முடிந்துவிட்டது.

அவள் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று பிறகு கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. வார்த்தை இல்லை அது. வயிற்றிலிருந்து வந்த சத்தம். அந்தச் சத்தத்துக்கு உப்பளத்துக் கொக்குகள் எல்லாம் ஒன்றாய் எழும்பின.

கழுத்தில் ஏதோ மாட்டினார்கள். கையில் குளுக்கோசுத் தண்ணீர் தந்தார்கள். பந்தலின் நிழலில் நாகேஸ்வரி காலை நீட்டிப் புழுதியில் இருந்தாள். மகன் முழங்காலில் ஐஸ் வைக்க வந்தான். "போடா அங்காலை" என்று தட்டிவிட்டாள். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. முகம் மட்டும், பெருமழை அடித்து ஓய்ந்த முற்றம் போலக் கழுவித் துடைத்துக் கிடந்தது.

விமலேஸ்வரி பக்கத்தில் குந்தினாள். போத்தலில் பாதியைக் குடித்து, மிச்சத்தை நீட்டினாள். நாகேஸ்வரி வாங்கி அண்ணாந்து குடித்தாள், குறையில்லாமல் கடைசிச் சொட்டு வரை. பதினொரு மாதத்தில் கனகலிங்கத்தைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. திவசம், துடக்கு, படையல் என்று கதைத்தார்கள். அவரைக் கதைக்கவில்லை. கடைசியாக அவரைச் சுகதேகியாய், வாய் நிறையச் சிரிக்கக் கண்டவள் இந்தா பக்கத்தில் இருக்கிறாள்.

விமலேஸ்வரி சப்பாத்துக் கயிற்றைத் தளர்த்தினாள். நன்றாய்ச் சம்மணம் கட்டி, மச்சாளின் முகத்துக்கு நேரே திரும்பி இருந்துகொண்டாள்.

"இப்ப மூச்சு வந்திட்டுதுதானே? சொல்லுங்கோ மச்சாள், அண்டைக்குச் சேத்துக்கை நிண்டு அவர் என்னத்துக்கு அப்பிடிச் சிரிச்சவர்?"